எடைக்கு எடை கருப்பட்டி

மூச்சைப் பிடிச்சுக்கோளா, என்று அம்மா செல்லக்கனி குனிந்து காதுக்குள் சொன்னாள். மூச்சைப் பிடித்தால் எடை குறையும் என்று அம்மாவுக்கு யார் சொன்னது என்று முப்பிடாதிக்குப் புரியவில்லை. காற்று உள்ளே இருந்தால் கூடத்தானே செய்யும், வெளியே விட்டால்தானே குறையும், இதுகூடத் தெரியாமல் இந்தச் செல்லக்கனி எப்படி இத்தனை வருஷம் ஒரு உடம்பை வைத்துக் காலந்தள்ளினாள். ஆனாலும் பிடித்துக்கொண்டாள். பழக்கம். சடங்கான நாளிலிருந்து வயிற்றை எக்கி மூச்சை அடக்கி இருப்பது பழக்கம், போட்டோவுக்கு நிற்கையில், மினிபஸ்ஸில் ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்கிற சீட்டில் மூன்றாவதாக ஒண்டுகையில், கல்யாண வீட்டுப் பந்தியில் எதிர் வரிசைப் பொம்பிளைகள் தங்கள் இலையை விட்டுவிட்டு இவள் இலையைப் பார்க்கையில். துலாபாரத் தட்டு பின்பக்கம் சில்லென்று குளிர்ந்தது. கோயில் மண்டபத்து உத்தரத்தில் மாட்டிய பெரிய தராசு. ஒரு தட்டில் அவள் சம்மணம் போட்டு, ரெண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, தரையோடு தரையாகக் கிடந்தாள். எதிர்த்தட்டு அவள் தலை உயரத்தில் வெறுமனே ஆடியது. அதில் கருப்பட்டி ஏற ஏற இந்தத் தட்டு தரையை விட்டு எழும்பணும். எழும்பினால் நேர்த்திக்கடன் தீர்ந்தது, குலவை போடுவார்கள், வீட்டுக்குப் போய்விடலாம். எழும்பாது. சுவரோரம் அடுக்கியிருக்கிற அத்தனை ஓலைக் கொட்டானையும் கொட்டினாலும் எழும்பாது. பத்தாது. இந்த மண்டபத்தில் அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், காலையிலிருந்து அது வயிற்றுக்குள் கிடக்கிறது, மற்றதோடு சேர்ந்து.

பூசாரி முதல் கொட்டானை அவிழ்த்தார். சிரட்டையில் ஊற்றி எடுத்த கருப்பட்டி, கறுப்பு கறுப்பாக, பாதிப் பாதி உருண்டையாக, தொட்டால் பிசுக்கென்று ஒட்டுகிற மாதிரி. வாசம் மூக்கில் ஏறியதும் அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். அங்கே பிளாஸ்கில் இந்த வாசம்தான், சுக்கும் கருப்பட்டியும், குடித்ததும் வாந்தி, அம்மா ஒரு கையால் கிண்ணத்தைப் பிடிப்பாள், மறு கையால் நெற்றியைப் பிடிப்பாள். பிளஸ் டூ பரீட்சைக்கு முந்தின மாசம் டைபாய்டு. கண்ணைத் திறந்தால் மின்விசிறி சுற்றாமல் அறை சுற்றியது. ஒரு மத்தியானம் அவள் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு அம்மா கட்டில் கம்பியில் தலையை வைத்து முனகினாள், தாயே முப்பிடாதி, உம்பேரைத்தான வச்சிருக்கேன், எழுப்பிக் குடுத்துரு, எடைக்கு எடை கருப்பட்டி தாரேன், ஒரு தலைமுடி கொறையாம தாரேன். தூங்கவில்லை. கேட்டுக்கொண்டுதான் கிடந்தாள். அம்மாவுக்குத் தன்மேல் இவ்வளவு ஆசையா என்று அப்போது அழுகை வந்தது, கண்ணில் தண்ணி இல்லாததால் வெறும் எரிச்சலாக வந்தது. ஒரு தலைமுடி கொறையாம. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டிக்கொண்டிருந்த நேரம் அது. வீட்டுக்கு வந்து ஆட்டோவை விட்டு இறங்கினால் தெருவே வாசலில் நின்றது. ஏ யாத்தே, செல்லக்கனி மகளா இது, என்னா அழகா இளைச்சிட்டா. தங்கபுஷ்பம் அத்தை, அப்பாவின் தங்கச்சி, தோள்பட்டை எலும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, காய்ச்சல்னாலும் காய்ச்சல், ஆளைச் செதுக்கிட்டுல்லா போயிருக்கு, இப்படியே வச்சுக்கோளா, என்றாள். வீட்டுப் படி மூன்றே மூன்றுதான், அதை ஏற முடியாமல் நடுப்படியில் அவள் உட்கார்ந்துவிட்டாள், அதையும் பார்த்துவிட்டு நளினமா உக்காந்திருக்கா பாருங்க என்றார்கள். அம்மா அப்போதுதான் போட்டோ எடுத்தாள். கன்னம் ஒட்டி, கண்ணு பள்ளத்தில் போய், கழுத்து வாத்துக் கழுத்து மாதிரி நீண்டு. அதுதான் இப்போது அம்மா போனைத் திறந்தால் தெரிகிற படம், வீட்டுக் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிற படம், தரகரிடம் கொடுத்திருக்கிற படம். சாகப்போன ஒருத்தியின் படம். உடம்பு சரியில்லாத நாளில்தான் அவள் உடம்பு சரியாக இருந்ததாம், உடம்பு சரியானதும் உடம்பு சரியில்லை என்கிறார்கள். இந்த இடத்தில் அவள் நினைப்பு எப்பவும் சிக்கிக்கொள்ளும், கொக்கியில் மாட்டின தாவணி மாதிரி, இழுத்தால் கிழியும், விட்டால் நகர முடியாது. உடம்பு சரியில்லை. யாருக்கு சரியில்லை.

ஒண்ணு, என்று பூசாரி சத்தமாகச் சொல்லி முதல் கொட்டானைக் கவிழ்த்தார். தட்டு அசையவில்லை. ஆறுமுகநயினார் மாமா, அம்மாவுடைய அண்ணன், சட்டைப் பொத்தான் தெறிக்கிற தொந்தியோடு முன்னால் வந்து நின்று, பூசாரி, பைய வைங்க, பிள்ள பறந்துரப் போறா, என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள், பல்லால் மட்டும். மாமாவுடைய தொந்திக்குப் பேர் செழிப்பு. கடை வைத்திருக்கிற மனுசன், நாலு பேர் வந்து போகிற வீடு, அவருக்கு அது இருக்கணும். முப்பிடாதி இடுப்புக்குப் பேர் கேவலம். பின்னால் அடுத்த முறைக்குக் காத்திருக்கிற குடும்பம் ஒரு கைக்குழந்தையோடு நின்றது, அதை எடைக்கு எடை சீனி வைத்து நிறுக்கப் போகிறார்கள், அதன் தொடையில் மூன்று மடிப்பு, கருப்புக் கயிறு மடிப்புக்குள் போய்த் தெரியவே இல்லை, ஆளாளுக்கு அதைக் கிள்ளினார்கள். கொழுகொழுன்னு என்னா அழகு, தொடையைப் பாரேன், அப்படியே கடிச்சுத் திங்கலாம் போல இருக்கு. முப்பிடாதி அந்தத் தொடையைப் பார்த்தாள். எந்த வயதில் இது அசிங்கமாக மாறும் என்று யோசித்தாள். ஒரு பிறந்த நாள் ராத்திரியில் மாறுமா, இல்லை கொஞ்சம் கொஞ்சமாகவா, நேற்று வரைக்கும் கொழுகொழு, இன்றிலிருந்து குண்டு என்று யார் வந்து சொல்வார்கள். அவளுக்குச் சொன்னது அத்தைதான். மூன்றாம் வகுப்பு. பாயசத்துக்கு டம்ளரை நீட்டியபோது. அதுக்கப்புறம் பள்ளிக்கூடத்தில் அவள் பேரையே மாற்றிவிட்டார்கள், முப்பிடாதி முப்படி ஆகிவிட்டது. முப்படி அரிசிச் சோறு திங்கிறவள். ஏ முப்படி, ஏ முப்படி, சாப்பாட்டு மணி அடிச்சாச்சு. சாமி பேரைச் சொல்லிக் கேலி செய்யாதீங்கல என்று ஒரு டீச்சர் அதட்டினாள், பொம்பிளைப் பிள்ளையைக் கேலி செய்யாதே என்று சொல்லவில்லை. சாமி. திரும்பி கர்ப்பகிரகத்தைப் பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் அம்மன் காலை மடக்கி அகலமாக உட்கார்ந்திருந்தாள், பட்டு சுற்றின இடுப்பு கதவை அடைத்துக்கொண்டிருந்தது. ஒருத்தரும் அவளுக்குக் கொள்ளுத் தண்ணி வைத்துப் படைக்கவில்லை. சர்க்கரைப் பொங்கல்தான்.

ரெண்டாவது கொட்டான், மூணாவது. பூசாரி இப்போது எண்ணுவதை விட்டுவிட்டார், வேகமாகக் கவிழ்த்தார். கருப்பட்டி மேல் கருப்பட்டி மோதுகிற சத்தம், டொக் டொக் என்று, அதைக் கேட்கிறபோது அவளுக்குக் குண்டு ஞாபகம் வந்தது, இரும்புக் குண்டு, மைதானத்துச் செம்மண்ணில் விழுகிற சத்தம். இது மாதிரி இல்லை, அது டும் என்று உள்ளே இறங்கும், பாதத்தில் கேட்கும். ஒன்பதாம் வகுப்பில் பி.டி. சார் வரிசையில் நிற்கிற பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, நீ ஓட்டம், நீ ஓட்டம், நீ கோக்கோ, என்று பிரித்துக்கொண்டே வந்து இவள் முன்னால் நின்று யோசிக்காமல் குண்டு என்றார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. சார் பேர் வைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டது. குண்டு குண்டு எறியுது, குண்டு குண்டு எறியுது என்று பாட்டாகவே பாடினார்கள். அவள் அழுதுகொண்டுதான் முதல் தடவை எறிந்தாள். குண்டைத் தூக்கிக் கழுத்துக் குழியில் வைத்துத் தாடையால் அழுத்திக்கொண்டபோது அது சில்லென்று ஒட்டிக்கொண்டது, யாரோ கன்னத்தில் கை வைத்த மாதிரி. திரும்பி, முட்டியை மடக்கி, இடுப்பைச் சுழற்றி விட்டாள். அந்த இடுப்பு. அதற்கு அப்படி ஒரு வேலை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. குண்டு போய் விழுந்த இடத்தில் நின்றிருந்த பையன்கள் சிதறி ஓடினார்கள். பாட்டு நின்றது. அன்றிலிருந்து அவள் அதற்காகத்தான் பள்ளிக்கூடம் போனாள், மாவட்டப் போட்டியில் ஒரு தட்டும் ஒரு டவலும் கொடுத்தார்கள், டவலை அம்மா குளிக்க வைத்துக்கொண்டாள், தட்டில் மருதாணி அரைத்து வைத்தாள். டைபாய்டுக்கு அப்புறம், எல்லாரும் அழகு அழகு என்று சொன்ன அந்த மாசத்தில், ஒரு நாள் ஆள் இல்லாத நேரம் பார்த்து மைதானத்துக்குப் போய்க் குண்டைத் தூக்கினாள். கழுத்துக் குழி இல்லை. எலும்பில் இடித்தது. விட்டாள், அது காலுக்குப் பக்கத்திலேயே தொப்பென்று விழுந்தது, பெருவிரலை நசுக்கியிருக்கும். அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்து அந்தக் குண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பரீட்சை போனதுக்கு அவள் அழவில்லை, இதற்கு அழுதாள். இப்போது பிடித்தமான பாவாடை இடுப்பில் ஏறவில்லை, ஆனால் குண்டு பழைய கோட்டைத் தாண்டிப் போகிறது. போலீஸ் செலக்‌ஷனுக்குப் பயிற்சி எடுக்கிற பிள்ளைகளோடு விடியக்காலையில் ஓடுகிறாள், ஓட்டத்தில் கடைசிதான், குண்டில் அவளைத் தொட ஆள் இல்லை. அம்மாவுக்கு அவள் மைதானத்துக்குப் போவது ரொம்பச் சந்தோஷம். இளைக்கத்தான் போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நேர்த்திக்கடனை அம்மா தள்ளித் தள்ளிப் போட்டாள். பிள்ளை எழுந்து நடமாடினதும் செய்திருக்கலாம், அப்போது ஒரு பையில் அடங்குகிற கருப்பட்டி போதும், ஆனால் கையில் காசில்லை, அப்பா லாரியோடு வடக்கே கிடந்தார். காசு வந்தபோது உடம்பு வந்துவிட்டது. கொஞ்சம் வத்தட்டும், கொஞ்சம் வத்தட்டும், சனம் பூரா பாக்கும்ளா, என்று அம்மா ஒவ்வொரு விசேஷமாகத் தள்ளினாள். கடைசியில் கனவில் அம்மன் வந்து எங்கே என்று கேட்டாளாம். பயந்துவிட்டாள். அம்மாவே சொல்லியிருக்கிறாள், நேர்ந்ததில் குறை வைத்தால் கொடுத்ததை அம்மன் திரும்ப எடுத்துக்கிடுவாள். அப்படிப் பயந்த பொம்பிளை கருப்பட்டி வாங்கப் போகும் முன்னால் எடை என்ன என்று கேட்டாள். மைதானத்து மிஷினில் ஏறிப் பார்த்ததை முப்பிடாதி அப்படியே சொன்னாள். அம்மா ரெண்டு காதையும் பொத்திக்கொண்டாள். இந்த நம்பரை அந்தக் கடைக்காரன் முன்னால நான் எந்த வாயால சொல்லுவேன், என்றாள். போனாள், வந்தாள், ஆட்டோவிலிருந்து கொட்டான்களை இறக்கினாள், கொட்டான்களைப் பார்த்ததுமே முப்பிடாதிக்குத் தெரிந்துவிட்டது. ஏம்மா, இது என் எடைக்கு இல்லையே. அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, இருக்காதுதான், இவ்வளவுதான் வாங்கியிருக்கேன், கோயில் கொடைக்கு இன்னும் நாள் கிடக்கு, நீ இதுக்குள்ள அடங்கிக்கோ, என்றாள். வளர்கிற பிள்ளைக்குச் சட்டையை ஒரு சுற்றுப் பெரிசாகத் தைப்பார்கள். இவள் ஒரு சுற்றுச் சின்னதாக மகளை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அன்றைக்கே ஆரம்பித்தது. காலையில் சோம்புத் தண்ணி, மத்தியானம் கொள்ளுக் கஞ்சி, ராத்திரி வெள்ளரிக்காய். சோற்றுக் கரண்டி சட்டியை விட்டு எழும்பும் முன்னாலேயே போதும் என்பாள் அம்மா. போதும்ளா, எந்திரி. சின்ன வயதிலிருந்து கேட்கிற சொல்தான் அது, போதும், இலையில் விழுகிறதுக்கு முன்னால் காதில் விழும். அம்மா தான் மட்டும் நின்றுகொண்டே சட்டியோடு வழித்துத் தின்பாள், எலும்பு மாதிரி இருப்பாள், அல்சர், ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுவாள், அவளுக்கு உடம்பு சரியாக இருக்கிறதாம். முப்பிடாதி ஒரு வாரம் அடங்கிப் பார்த்தாள். மனசாரத்தான் அடங்கினாள், பாவம் அம்மா என்றுதான். ஒரு விடியக்காலையில் குண்டு கையிலிருந்து நழுவிப் பழைய மாதிரி காலடியில் விழுந்தது. தொப். அதே சத்தம். பயிற்சி கொடுக்கிற ஜெபராணி அக்கா தூரத்திலிருந்து, ஏ, குண்டை எறியதுக்கு வந்தியா, அதுக்குப் பக்கத்துல படுக்கதுக்கு வந்தியா, என்று கத்தினாள், ஏன் என்று கேட்கிற பொறுமை அவளுக்குக் கிடையாது. முப்பிடாதி மைதானத்துக்கு வெளியே இருக்கிற கடையில் போய் உட்கார்ந்தாள். புட்டு, அவிச்ச பயறு, முட்டை. அன்றிலிருந்து தினமும் தின்றாள், வீட்டுக்கு வந்து சோம்புத் தண்ணியும் குடித்தாள். இன்றைக்கும் தின்றாள். அம்மனுக்குப் பட்டினியாக வரணும் என்று தெரியும். முட்டை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், அந்த மரியாதை போதும் என்று தோன்றியது.

கொட்டான் தீர்ந்துவிட்டது. பூசாரி கடைசிக் கொட்டானைத் தட்டித் தூள்களையும் கொட்டிவிட்டு அம்மாவைப் பார்த்தார். எதிர்த்தட்டு இறங்காமல் அதே உயரத்தில், ஒரு பக்கமாகச் சாய்ந்து, நின்றுவிட்டது. இவள் தட்டு தரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. சங்கிலி லேசாக நடுங்கியது, எழும்பப் பார்க்கிற மாதிரி ஒரு நடுக்கம், எழும்பவில்லை. அவ்வளவுதானாம்மா, என்றார் பூசாரி. தங்கபுஷ்பம் அத்தை குலவை போடத் தயாராக நாக்கை மடக்கி வைத்திருந்தவள் அதை எடுத்துவிட்டு, மயினி, கருப்பட்டி பத்தலியா, இல்ல தராசு பத்தலியா, என்றாள். சிரிப்பு மண்டபத்து மூலைக்கு மூலை போய்த் திரும்பி வந்தது. கைக்குழந்தைக்காரர்கள் கூடச் சிரித்தார்கள். முப்பிடாதியின் காதுமடல் சூடானது, முதுகில் வியர்வை ஒரு கோடாக இறங்கி இடுப்பு மடிப்பில் நின்றது. மூச்சு இன்னும் உள்ளேதான் இருந்தது. மாமா கையைத் தட்டி, அட இருங்க, நகையைக் கழத்துங்க முதல்ல, பிள்ள கடையையே மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கு, என்றார். அம்மா பாய்ந்து வந்து காது ஜிமிக்கியைக் கழற்றினாள், கொலுசைக் கழற்றினாள், கண்ணாடி வளையலைக் கழற்றினாள், கழற்றுகிற அவசரத்தில் ஒன்று உடைந்து மணிக்கட்டில் கீறியது, ஜடைக்குஞ்சத்தை உருவினாள், தலையில் இருந்த மல்லிகைப்பூவைப் பிய்த்து எடுத்தாள். பூ எவ்வளவு எடை இருக்கும். ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு எல்லாரும் தட்டைப் பார்த்தார்கள். தாவணியையும் எடுக்கச் சொல்லு, என்று யாரோ ஒரு ஆம்பிளைக் குரல் பின்னாலிருந்து சொன்னது. மாமாவுக்குக் கேட்டது, கேட்காத மாதிரி மேலே உத்தரத்தைப் பார்த்தார். அம்மாவுக்கும் கேட்டது. அம்மாவின் கை ஒரு நொடி தாவணி முந்தியில் வந்து நின்றது. நின்றது. முப்பிடாதி அதைப் பார்த்தாள். யோசிக்கிறாள். இவள் நிஜமாகவே யோசிக்கிறாள். பிறகு கை பின்வாங்கியது. காலைல ஏதும் தின்னியாளா, என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள், அவ்வளவு பக்கத்தில் அவள் வாய் நாறியது, பட்டினி நாற்றம். இல்லம்மா என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தாள், புட்டு என்று சொன்னாள். வாயிலிருந்து வந்துவிட்டது. பயறும், என்றாள். அம்மா தொடையில் நறுக்கென்று கிள்ளினாள், தாவணிக்கு அடியில், யாருக்கும் தெரியாமல். குழந்தையைக் கிள்ளின அதே இடத்தில்.

அப்புறம் அம்மா எழுந்து எதிர்த்தட்டுப் பக்கம் போனாள். பிய்த்த மல்லிகைப்பூவை எடுத்துக்கொண்டு போனாள். கருப்பட்டிக்கு பூ வைக்கணும்லா, பூ வைக்காம எப்படி, அதான் எழும்பல, என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டே குனிந்தாள். குனிந்து முந்தானையை அப்படிப் பரப்பிக்கொண்டாள். தட்டு அசைந்தது. முப்பிடாதிக்கு முதலில் வயிற்றில்தான் தெரிந்தது, ராட்டினத்தில் மேலே போகிறபோது குடல் கீழே தங்குமே அந்த மாதிரி, பிறகு தரை காலடியிலிருந்து விலகியது, கட்டைவிரல் அளவு, கையகலம், காற்று தட்டுக்கு அடியில் நுழைந்தது. எழும்பிட்டு, எழும்பிட்டு, என்று மாமா கத்தினார். பூசாரி மணியை அடித்தார். அத்தை குலவையை ஆரம்பித்தாள். முப்பிடாதி மிதந்தாள். நல்லாத்தான் இருந்தது, அதையும் சொல்லியாகணும், கனமில்லாமல் இருப்பது ஒரு நிமிஷம் நல்லாத்தான் இருந்தது, எல்லாரும் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள், இனி இறங்கி வீட்டுக்குப் போய்விடலாம், யாருக்கும் தெரியாது. அப்போது பூவுக்கு நடுவில் அம்மாவின் கையைப் பார்த்தாள். உள்ளங்கையை விரித்துக் கருப்பட்டி மேல் வைத்து, முழங்கையை மடக்காமல், உடம்பு மொத்தத்தையும் அதில் போட்டு அழுத்திக்கொண்டிருந்தாள். நரம்பு புடைத்திருந்தது. அந்த எலும்பு உடம்புக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது. கிண்ணத்தைப் பிடித்த கை. நெற்றியைப் பிடித்த கை. சோற்றுக் கரண்டியைத் தடுத்த கை. ஒரு தலைமுடி கொறையாம தாரேன். குறை வைத்தால் அம்மன் திரும்ப எடுத்துக்கிடுவாள் என்று நம்புகிற பொம்பிளை இது, நிஜமாக நம்புகிறவள், இந்த உலகத்தில் வேறு எதை நம்பாவிட்டாலும் அதை நம்புகிறவள். அப்படியிருந்தும் அழுத்துகிறாள். அப்படியென்றால். முப்பிடாதியின் நினைப்பு அந்த இடத்தில் நின்றது, பின்னால் போனது, திரும்ப வந்து அதே இடத்தில் நின்றது. அப்படியென்றால் எடுத்துக்கிடட்டும் என்றுதானே. அந்தக் காய்ச்சல் திரும்ப வந்தாலும் வரட்டும், இந்தச் சனத்துக்கு முன்னால் இந்த எடை வேண்டாம் என்றுதானே. போட்டோவில் இருக்கிறவள் திரும்ப வந்தால் நல்லதுதான் என்றுதானே. அம்மாவுக்கு இது தெரியாதா. யோசித்திருக்க மாட்டாளோ. தாவணியில் கை வைத்து யோசிக்கத் தெரிந்தவளுக்கு இதையா யோசிக்கத் தெரியாது. கிள்ளின இடம் எரிந்தது. எதிரில் அம்மன் கதவை அடைத்துக்கொண்டு அகலமாக உட்கார்ந்திருந்தாள், அதே பேர்க்காரி. தரை கையகலத்துக்குக் கீழே இருந்தது. அந்தக் கையகலம் முழுக்க அவள் இல்லை. அந்தக் கையகலத்துக்கு அவளை அழித்திருந்தார்கள்.

கையை எடும்மா, என்றாள். அம்மா நிமிரவில்லை. பூ சரிஞ்சிருக்குளா, என்றாள், குலவைச் சத்தத்துக்குக் கீழே, கெஞ்சுகிற குரலில். சும்மா இரு, மக்களே, முடிஞ்சிட்டு, சும்மா இரு. மக்களே என்று அம்மா அவளைக் கூப்பிட்டு எவ்வளவு நாளாச்சு, ஆஸ்பத்திரியில் கூப்பிட்டது. அந்த ஒரு சொல்லில் முப்பிடாதி கொஞ்சம் ஆடித்தான் போனாள். பாவமாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள், உள்ளே தேடிப் பார்த்தாள், இல்லை. பூவுல ஒண்ணும் இல்ல, என்று மண்டபம் பூராக் கேட்கிற மாதிரி சொன்னாள், நீ அமுக்கிக்கிட்டு இருக்க, கையை எடு. அத்தையின் குலவை பாதியில் அறுந்தது. பூசாரி மணியைப் பிடித்த கையை அப்படியே நிறுத்தினார். மாமா, ஏ என்ன பேசுதா இவ, என்று ஒரு அடி முன்னால் வந்தவர் தங்கச்சியின் கையைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். எல்லாரும் பார்த்தார்கள். மல்லிகைப்பூவுக்கு நடுவில் வெளுத்துப்போன விரல்கள் விரிந்து கிடந்ததைப் பார்த்தார்கள், ஒருத்தரும் சிரிக்கவில்லை. முப்பிடாதி அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பிடித்து வைத்திருந்த மூச்சை மொத்தமாக வெளியே விட்டாள், வயிறு முன்னால் வந்து மடியில் உட்கார்ந்தது, சங்கிலியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அம்மா கையை எடுத்தாள்.

தட்டு விழுந்தது. டும். தண்டுவடம் வழியாகத் தலைக்கு ஏறின வலியில் கண் இருண்டு திறந்தது. எதிர்த்தட்டு எகிறிக் குதித்ததில் கருப்பட்டி சிதறியது, ஒன்று கல் தரையில் உருண்டு போய்த் தூணில் மோதிப் பிளந்தது, கைக்குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. அம்மா வெறும் கையை முன்னால் நீட்டியபடி நின்றாள், உள்ளங்கையில் கருப்பட்டி பிசுக்கும் நசுங்கின பூவும் ஒட்டியிருந்தன. அதை எங்கே துடைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில்கூட அழாதவளுக்கு உதடு கோணிக்கொண்டு வந்தது.

போதுமாளா, என்றாள் அம்மா.

பத்தாது, என்றாள் முப்பிடாதி. இன்னும் கொண்டாரச் சொல்லு. நான் இங்கனயே இருக்கேன்.